நெதர்டன் குறைபாடு: குழந்தையின் தோலைப் பார்த்துக்கொள்ளும் முறை

தோலின் மேலடுக்கில் பழைய செல்களை அறுத்து உதிர்ப்பவை கல்லிக்ரீன் நொதிகள். அவற்றுக்குக் கடிவாளம் லெக்டி என்ற புரதம். நெதர்டன் என்ற பிறவித் தோல் நோயில், லெக்டியைத் தரும் ஸ்பிங்க்5 மரபணு பழுதாகி லெக்டி கிடைக்காது. மேலடுக்கு காலத்துக்கு முன்பே உரிந்துவிடும். உடம்பின் நீர் வெளியே கசியும், பூசும் மருந்து உள்ளே இறங்கி இரத்தத்தில் கலக்கும். எந்தக் களிம்பைத் திறந்தாலும் முதலில் இதை நினையுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் குளிப்பாட்டினால் போதும். சோப்பு, பஞ்சுநார் இரண்டும் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியை முடி வளரும் திசையிலேயே பூசுங்கள். எதிர்த் திசையில் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைத்துக் கொப்புளம் வரும். தோல் மினுமினுக்கும் அளவு பூச வேண்டும். வாரம் 250 கிராம் தீர்ந்தாலும் அது வீண்செலவல்ல. டப்பாவுக்குள் விரலை விடாதீர்கள். சுத்தமான கரண்டியால் எடுங்கள், இல்லாவிட்டால் கிருமி டப்பாவிலேயே குடியேறிவிடும். ஜெல்லி ஊறிய துணி சட்டெனத் தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. அடுப்பு, விளக்குப் பக்கம் குழந்தையை விடாதீர்கள்.

செதிலைக் கண்டதும் சாலிசிலிக் அமிலமோ யூரியாவோ பூசுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தடித்த செதில் உள்ள வேறு தோல் நோய்களுக்கு அவை உதவும். இங்கே யூரியா எரிச்சல் தரும்; சாலிசிலிக் அமிலம் இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பும் அப்படியே உள்ளே போகும். இரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பரிசோதிக்கும் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. ஸ்டீராய்டு களிம்பை நாள்கணக்கில் நீட்டினால் முகம் உப்பும், வளர்ச்சி தடைப்படும்.

பிறந்த முதல் மாதங்கள்தான் மிக ஆபத்தானவை. நீரிழப்பால் இரத்தத்தில் சோடியம் ஏறும். சிறுநீர் குறைவது, உச்சிக்குழி பள்ளமாவது, பால் குடிக்காமல் துவள்வது, காய்ச்சல், உடம்பு சில்லிடுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாரம் ஒருமுறை ஆடையில்லாமல் எடை பாருங்கள்.

நோயை உறுதிசெய்ய நுண்ணோக்கியில் முடியைப் பார்ப்பார்கள். மூங்கில் கணுபோல, முடியின் ஒரு துண்டு மற்றொன்றுக்குள் குழிந்து செருகியிருக்கும். பிடுங்கினால் கணுவில் ஒடிந்துவிடும், கத்தரித்துக் கொடுங்கள். தலைமுடியில் இல்லையென்றால் புருவத்தில் தேடச் சொல்லுங்கள். கைக்குழந்தைப் பருவத்தில் கணு தெரியாமலும் போகலாம். அப்போது மரபணுப் பரிசோதனை தேவை. தாய், தந்தை இருவரிடமும் பழுதான பிரதி இருந்தால், அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு.