பழைய கப்பல்காரர்களின் பேச்சையும் தொப்பியையும் பத்திரப்படுத்துவது எப்படி

உங்கள் வீட்டிலோ தெருவிலோ கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தால், தயவுசெய்து அவரைத் தனியாக உட்கார வைத்து, போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணி, "அந்தக் காலத்துக் கப்பல் வார்த்தையெல்லாம் சொல்லுங்க தாத்தா" என்று கேட்காதீர்கள். பத்து வார்த்தை வரும், பிறகு "அவ்வளவுதான்பா, மறந்துபோச்சு" என்பார். மறக்கவில்லை. அந்த வார்த்தைகள் எல்லாம் இன்னொரு கப்பல்காரரிடம் பேசுவதற்காக இருந்தவை, கேட்க ஆள் இல்லாமல் வாய்க்கு வராது. அதனால் முதல் வேலை, இன்னொரு கப்பல்காரரைக் கூட்டிக்கொண்டு வருவது. முடிந்தால் வேறு மாதிரிக் கப்பலில் போனவராகப் பாருங்கள்.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இதை நான் கண்ணால் பார்த்தேன். அப்பா வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் சுக்காணியாக இருந்தவர், அதாவது சுக்கான் பிடிக்கிறவர். அவருடைய கூட்டாளி, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கொழும்புக்கும் மாலேக்கும் தோணி ஓட்டியவர். ஒருநாள் மாமா சும்மா ஆரம்பித்தார்.

"நான் தண்டல்வே. நடுக்கடல்ல எனக்கு மேல ஆள் கிடையாது."

"எங்க கப்பல்ல தண்டல்னா செராங்குக்குக் கீழ நிக்கிறவன்வே."

அரைமணி நேரம் இதே சண்டை. இரண்டு பேர் சொன்னதும் சரிதான். தோணியில் தண்டல் என்றால் கேப்டன். பெரிய கப்பலில் டெக் ஆட்களுக்கு மேஸ்திரி செராங்கு, அவருக்கு அடுத்தவர் தண்டல், அப்புறம் ஸ்டோர் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற கசாப், சுக்காணி, டெக்கில் சாதாரண வேலை பார்க்கிற கலாசி என்று வரிசை போகும். எஞ்சின் பக்கத்துக்கும் தனியாக ஒரு செராங்கு உண்டு, சமையலுக்குப் பண்டாரி. ஒரே சொல் ஒரு கப்பலில் தலைவன், இன்னொன்றில் இரண்டாம் ஆள். இதை நான் கேட்டு வாங்கவே முடியாது, கேலியில்தான் வெளியே வந்தது. ஆகவே அவர்கள் சண்டை போடும்போது நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். டீ ஊற்றிக் கொடுங்கள், போதும்.

எழுதும்போது சொல்லும் அர்த்தமும் மட்டும் எழுதினால் பாதி போய்விடும். யார், எந்த நேரத்தில், எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். சரக்கு இறக்கும்போது வின்ச், அதாவது சரக்கைத் தூக்கி இறக்குகிற இயந்திரம், ஓட்டுகிறவருக்கு "ஆரியா" என்றால் இறக்கு, "ஹபேஸ்" என்றால் தூக்கு. ஆரியா போர்த்துகீசிய மொழியில் இறக்குவதற்கான சொல்லிலிருந்து வந்தது, இன்றைக்கும் கிரேன் வேலை நடக்கிற இடங்களில் காதில் விழும். ஆனால் அப்பா சொல்லிக் காட்டியபோதுதான் ஒன்று புரிந்தது. மெதுவாக இறக்க வேண்டுமென்றால் "ஆ...ரி...யா" என்று இழுப்பார்கள், இழுப்பு நிற்கிற இடத்தில் சரக்கும் நிற்க வேண்டும், கூடவே கை கீழ்நோக்கி அசைந்துகொண்டே இருக்கும். காகிதத்தில் இது நிற்காது. இந்த மாதிரிச் சொற்களுக்கு வீடியோ எடுங்கள், முகத்தை மட்டும் எடுக்காமல் கையும் தெரிகிற மாதிரி.

ஒலி ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருக்கும் சொற்களில் கவனம் வேண்டும். "காலைல சூஜி, மத்தியானம் சிப்பிங்" என்றார் அப்பா. இந்தி கொஞ்சம் தெரிந்தவருக்கு சூஜி என்றால் ரவை என்று தோன்றும். கப்பலில் சூஜி என்பது சோடா கலந்த தண்ணீரில் பெயின்ட் அடித்த சுவரையெல்லாம் தேய்த்துக் கழுவுவது, சிப்பிங் துருவைத் தட்டி எடுப்பது. சந்தேகமாக இருந்தால் அர்த்தம் கேட்காமல், "அதை எப்படிச் செய்வீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள்.

அடுத்து, சிடிசி புத்தகத்தை, அதாவது கப்பல்காரரின் பணிப் பதிவுப் புத்தகத்தை, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்தில் என்றைக்கு ஏறினார், என்றைக்கு இறங்கினார், என்ன வேலை, எல்லாம் அதில் பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு பக்கத்தைத் திறந்து, "இந்தக் கப்பல்ல செராங்கு யாரு, எந்த ஊர்க்காரர்?" என்று கேட்டால் போதும், நினைவு தானாக ஓடும். எந்தச் சொல் எந்தக் கப்பலில் எந்த ஆண்டு புழங்கியது என்பதும் இதனால் கிடைத்துவிடும், அது முக்கியம், ஏனென்றால் சொற்களுக்கும் ஓய்வு வயது உண்டு. ரேடியோ ஆபீசரை எல்லாரும் "ஸ்பார்க்ஸ்" என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. 1999 பிப்ரவரி 1ஆம் தேதியோடு செயற்கைக்கோள் அவசரத் தொடர்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது, அந்த வேலையே கப்பலிலிருந்து இறங்கிவிட்டது. இப்போது ஏறுகிற பையனுக்கு ஸ்பார்க்ஸ் என்றால் யாரென்று தெரியாது. அப்புறம், சிடிசி பக்கங்களைப் படம் எடுத்தால் எண்ணும் கையெழுத்தும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோணிக்காரர் கிடைத்தால் விடவே விடாதீர்கள். பாய் விரித்த தோணிகள் போய் எஞ்சின் வந்துவிட்டதால் பருமல், ஆஞ்சான், தாமான் என்கிற சொற்களை வாயால் சொல்லத் தெரிந்தவர்கள் வயதானவர்கள் மட்டுமே. பருமல் பாயைக் கட்டுகிற குறுக்குமரம், ஆஞ்சான் அதைத் தூக்கி ஏற்றும் கயிறு, தாமான் பாயின் மூலையைப் பிடித்துக் கட்டும் கயிறு. ஒரு விளக்குமாற்றுக் குச்சி, ஒரு கைக்குட்டை, கொஞ்சம் சணல் கொடுத்தால் மாமா மூன்று நிமிடத்தில் பாய்மரமே கட்டிக் காட்டிவிடுவார், ஒவ்வொரு முடிச்சுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே. காற்றுப் பெயர்களும் அப்படித்தான். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். அப்பா "சவுத் வெஸ்ட்" என்பார், மாமா "கச்சானும் சோழகமும் கலந்து அடிக்குதுன்னு சொல்லுமேவே" என்பார்.

சொல்லின் வேரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கப்பல் பேச்சில் அரபி, பாரசீகம், போர்த்துகீசியம், இந்தி, தமிழ், ஆங்கிலம் எல்லாம் கலந்து கிடக்கும், 1811லேயே கல்கத்தாவில் இதற்கு அகராதி அச்சாகியிருக்கிறது. நாம் தமிழென்றே நினைக்கிற மாலுமி, அரபியில் ஆசிரியர் என்று பொருள்படும் முஅல்லிமிலிருந்து வந்தது. கப்பலில் கேப்டனுக்குக் கீழே இருக்கும் அதிகாரியான மேட்டை "மாலும் சாப்" என்று கூப்பிட்டார்களே, அதே சொல்தான். ஆனால் அழகாகப் பொருந்துகிற விளக்கத்தையெல்லாம் நம்பிவிடக் கூடாது. துப்புரவு வேலை பார்த்தவரைத் தோபாஸ் என்றார்கள். தொப்பியிலிருந்து வந்தது என்பார் ஒருவர், மொழிபெயர்ப்பாளர் என்று பொருள்படும் துபாஷியிலிருந்து என்பார் இன்னொருவர். இரண்டையும் எழுதி வைத்துவிட்டு மேலே போங்கள். இந்தச் சொல்லைச் சொல்லும்போது அப்பாவின் குரல் இறங்கியது. கப்பலிலும் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதில் சாதி இருந்திருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் சிரிப்பு நிற்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், தாண்டிப் போகாதீர்கள்.

இப்போது தொப்பி. பேச்சு தொய்ந்தால் தொப்பியை எடுத்து வந்து நடுவில் வையுங்கள். முன்பக்கம் நெற்றிக்கு மேல் பளபளவென்று ஒரு மூடி நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி ஆபீசர்களுக்கானது, வெயில் நாட்டுக்கு வந்தால் மேலே வெள்ளை உறை மாட்டுவார்கள், கேப்டன் தொப்பியின் மூடியில் பொன்னிற இலை வேலைப்பாடு இருக்கும். இங்கிலாந்துக்காரர்கள் இந்தத் தொப்பிக்கு "சீஸ் கட்டர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே வட்டமாக ஒரு கம்பி வளையம் இருக்கும், தொப்பி விறைப்பாக நிற்பதற்கு. புதிதாக வந்த கேடட் பையன்கள் அதை உருவி எறிந்துவிட்டுத் தொப்பியைத் தொங்கவிட்டுக்கொள்வார்களாம், பல வருடம் கடலில் இருந்தவன் மாதிரி தெரிய வேண்டும் என்று. மழைக்கும் அலைக்கும் சவ்வெஸ்டர். அதன் பின்விளிம்பு நீளமாக இருப்பதால் தண்ணீர் கழுத்துக்குள் இறங்காமல் முதுகு வழியே வழிந்துவிடும். குளிர் கடலில் மங்கி குல்லா. தோணியில் தலைத்துண்டு, "அதுவே தொப்பி, அதுவே துவாலை, அதுவே தலையணை" என்றார் மாமா. எந்த வேலைக்கு எதைப் போட்டார்கள் என்று கேளுங்கள், வேலைச் சொற்கள் பின்னாலேயே வரும்.

தொப்பியைப் பாதுகாப்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அப்பாவுக்கு ஒரு கேப்டன் தன் நினைவாகக் கொடுத்த தொப்பி ஒன்று இருந்தது. பூசணம் பிடித்திருக்கிறதே என்று மொட்டைமாடி வெயிலில் வைத்தேன், சாயங்காலம் மூடி மேல் மெருகு வெடித்து வரி வரியாகப் போயிருந்தது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். நிழலில், காற்றாட வையுங்கள். மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். வெள்ளை உறையைக் கழற்றித் தனியாகத் துவைக்கலாம், தொப்பியை நனைக்கக் கூடாது. முன்னால் இருக்கும் சின்னம் ஜரிகை வேலையாக இருந்தால் கறுத்துத்தான் போயிருக்கும், பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் இழை பிரிந்துவிடும், அப்படியே விடுங்கள். உள்ளே துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைப் பந்தாகச் சுருட்டி வைத்து அட்டைப்பெட்டியில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், கடலோர ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பெட்டியில் வைக்கும் முன் உட்பக்கத் தோல் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். கடை முத்திரை, அளவு, சில சமயம் மையால் எழுதிய பெயர்கூட இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆங்கிலக் கப்பல்களில் ஒருவர் கதையைப் பெரிதாக்கினால், "விளக்கை ஆட்டு" என்பார்களாம், கப்பல் புயலில் ஆடுகிற மாதிரி இருக்கட்டும் என்று. உங்கள் திண்ணையிலும் விளக்கு ஆடும். அலை பனைமர உயரம் வந்தது என்றால் பனைமரம் என்றே எழுதுங்கள், அளக்கப் போகாதீர்கள். கப்பல் பெயர், ஆண்டு, துறைமுகம் மட்டும் சிடிசியோடு ஒத்துப் பாருங்கள்.

எல்லாம் எழுதி முடித்ததும் பெரிய எழுத்தில், ஓரத்தில் நிறைய இடம் விட்டுப் பிரதி எடுத்து, ஆளுக்கு ஒன்றும் ஆளுக்கு ஒரு பேனாவும் கொடுங்கள், வேறு வேறு நிறத்தில். நான் அப்பாவுக்கு நீலம், மாமாவுக்குச் சிவப்பு கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் தண்டல் என்ற சொல்லுக்கு நேராகச் சிவப்பு மையில் நான்கு வரி இருக்கிறது, அதற்குக் கீழே நீலத்தில் ஏழு.