பழைய வீட்டைக் கொடுத்துப் புது வீடு: பவர் எழுதும் முன்

மதுரையில் ஒத்தக்கடை, ஊமச்சிகுளம், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டி விற்கும் பில்டர்கள் சிலர், "உங்க பழைய வீட்டை நாங்களே எடுத்துக்கிறோம், மீதியை மட்டும் கொடுங்க" என்கிறார்கள். ஏற்பாடு மோசமில்லை. புரோக்கர் பின்னால் அலைய வேண்டாம், நடுவில் வாடகை வீடு தேட வேண்டாம். வில்லங்கம் போட்டுப் பார், மூலப்பத்திரம் கேள் என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். அதை விட்டுவிடலாம்.

சாவி வரும் முன் பவர் கொடுப்பது

விலை பேசிய வாரத்திலேயே பில்டர் பழைய வீட்டை உங்கள் சார்பில் விற்கும் உரிமை தரும் பொது அதிகாரப் பத்திரம், அதாவது பவர், கேட்பார். "எங்க பேருக்கு ஒரு கிரயம், அப்புறம் வாங்குறவர் பேருக்கு ஒரு கிரயம்னு ரெண்டு செலவு எதுக்கு?" முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் மிச்சம் என்பது உண்மைதான். குடும்பத்துக்கு வெளியே எழுதும் பவருக்கு 2023 ஜூலை முதல் 1 சதவீதக் கட்டணம் வந்த பிறகும் மிச்சம்தான். ஆனால் மிச்சம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு.

பழைய வீடு 48 லட்சம், புது வீடு 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தேவை என்பதால் பவர் முறையாகப் பதிவாகும். உங்கள் புது வீட்டு ஒப்பந்தமோ சாதாரண முத்திரைத்தாளில், பதிவில்லாமல் பீரோவுக்குள் போகும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். அது தெரியாத பில்டர் கிடையாது.

மூன்றாம் மாதம் பழைய வீட்டை 55 லட்சத்துக்கு விற்கிறார். பணம் இன்னொரு சைட்டுக்குப் போகிறது. உங்கள் புது வீடு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு பாதியில் நிற்கிறது. வாங்கியவர் பத்திரத்தோடு வாசலுக்கு வந்து நிற்பார். அப்போது பவரை ரத்து செய்து பயனில்லை. முடிந்துபோன கிரயத்தை அது திருப்பாது. வீடு போய், பில்டரிடம் பணம் கேட்டு நடக்கும் வழக்குதான் மிஞ்சும்.

இதைவிட எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. பவர் ஏஜென்ட் விற்றாலும் பத்திரப்படி விற்றவர் நீங்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் போனால் வாங்குபவர் விலையில் பிடித்துக் கட்டும் 1 சதவீத வரி, அதாவது டிடிஎஸ், உங்கள் பான் எண்ணில் ஏறும். உங்களுக்கு வரவு வைத்தது 48, வருமான வரித் துறை பார்ப்பது 55. நடுவில் உள்ள 7 லட்சம் பில்டரிடம் இருக்க, கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சரியான வரிசை இது. முதலில் புது வீட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பழைய வீட்டின் மதிப்பு, கணக்கில் கழியும் தொகை, சாவி தரும் தேதி, தாமதமானால் மாத வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். புது வீடு முடிந்ததும் இரண்டு கிரயமும் ஒரே நாளில். சார்பதிவகம் வேறு வேறு என்றால் காலையில் புது வீடு, மதியம் பழைய வீடு. அதுவரை மூலப்பத்திரத்தின் ஜெராக்ஸ் மட்டும் போதும். பழைய வீட்டை ஆட்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் ஒரு கடிதம் கொடுங்கள், அதற்குப் பவர் எதற்கு?

கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா ஆணையத்தில் பதிவான திட்டமாக இருந்தால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 80-இல் 48 என்பது 60 சதவீதம். வீடாக வாங்கினால் அது பணம் இல்லையா?

பழசுக்குக் கூடுதல் விலை என்று மயங்குவது

பழைய வீட்டைப் பற்றி மூச்சு விடாமல், முழுப் பணம் கொடுத்தால் புது வீடு என்ன விலை என்று முதலில் கேளுங்கள். பழசுக்கு 5 லட்சம் கூட்டிக் கொடுத்துப் புதுசில் 6 லட்சம் ஏற்றுவது பழைய வித்தை. கையிலிருந்து போகும் மீதித் தொகைதான் உண்மையான விலை.

"பணமே வரலை, வரி எதுக்கு?"

வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வதும் சொத்துக் கைமாற்றம்தான். லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால், விற்ற 2 ஆண்டுக்குள் வீடு வாங்கினாலோ 3 ஆண்டுக்குள் கட்டினாலோ விலக்குக் கேட்கலாம். பில்டரின் தாமதம் இந்தக் கெடுவையும் தின்னும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு அந்தத் தேதியின் மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குவதானால், பழைய கட்டடம் இடிபடும் முன் வாங்குங்கள்.

எல்லிஸ் நகர், அண்ணா நகர் வாரிய வீடு

ஒதுக்கீட்டு ஆணை பத்திரம் ஆகாது. வீட்டுவசதி வாரியத்தின் விற்பனைப் பத்திரம் கைக்கு வந்த பிறகு பேசுங்கள்.

இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கும் பட்டா

வாரிசுகளான அம்மா, அக்கா, தங்கை கையெழுத்து முதலில்.

கண்மாய்க் கரைப் புது மனை

பட்டாவோடு நிற்காமல் கிராம 'அ' பதிவேட்டில் சர்வே எண் என்ன வகைப்பாடு என்று பாருங்கள். நீர்நிலை என்றிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தற்காலிக மின் இணைப்பில் குடியேறுவது

கட்டுமான இணைப்பில் யூனிட் விலை அதிகம். வீட்டு இணைப்பு வந்த பிறகு பால் காய்ச்சுங்கள்.