இன்ஹேலர் பயிற்சிக்கு 94664 கோடு: எப்போது போடலாம், எப்போது கூடாது

அமெரிக்காவில் ஆஸ்துமா அல்லது சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள நோயாளி ஒருவர் கிளினிக்குக்கு வரும்போது, இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறையை அவருக்குச் செய்து காட்டினாலோ, அவர் பயன்படுத்தும் முறையைச் சோதித்துப் பார்த்தாலோ, அதற்கு 94664 என்ற தனி சி.பி.டி. கோடு (மருத்துவச் சேவையைக் கட்டணக் கோரிக்கையில் குறிக்கும் எண்) உண்டு. சென்னையிலும் கோவையிலும் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போகும் இந்தக் கட்டணக் கோரிக்கைகளை, அதாவது கிளைம்களை, பார்த்துக் கோடு போடும் கோடர்கள் முதலில் தேட வேண்டியது சார்ட்டில் (நோயாளியின் மருத்துவக் குறிப்பில்) உள்ள ஆதாரத்தைத்தான்.

‘இன்ஹேலர் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி ஆடிட்டில் நிற்காது. மருத்துவரின் உத்தரவு, கருவியின் பெயர், பயிற்சி தந்தவர் யார், நோயாளி என்ன பிழை செய்தார், திருத்திய பின் எப்படிச் செய்தார் என்பவை தெரிய வேண்டும். ‘அல்புட்டரால் எம்.டி.ஐ., ஸ்பேசர் இல்லை. மூச்சை இழுத்து முடித்த பிறகே அழுத்தினார். மெதுவாக இழுத்துக்கொண்டே அழுத்தவும், பத்து விநாடி மூச்சை அடக்கவும் காட்டப்பட்டது. மறுமுறை சரியாகச் செய்தார்’ என்று செவிலியர் எழுதியிருந்தால், அந்தக் குறிப்பு கிளைமைத் தாங்கும். (எம்.டி.ஐ. என்பது அழுத்தினால் அளவான மருந்து வரும் இன்ஹேலர்; ஸ்பேசர் அதனுடன் இணைக்கும் குழாய்.)

அதே நாளில் 99213 போன்ற ஈ/எம் கோடும் (மருத்துவர் நோயாளியைப் பார்த்து மதிப்பிடுவதற்கான கோடு) இருந்தால், மருத்துவரின் பரிசோதனை தனித்து நிற்கும் அளவுக்கு இருந்ததா என்று பார்த்து, மாடிஃபையர் 25-ஐ (அது தனிச் சேவை என்று காட்டும் கூடுதல் எண்ணை) ஈ/எம் கோடுடன் சேர்க்க வேண்டும், 94664-உடன் அல்ல. நேரத்தை வைத்து ஈ/எம் நிலையைத் தீர்மானிக்கும்போது பயிற்சிக்குச் செலவான நிமிடங்களை அதில் கூட்டக் கூடாது.

நெபுலைசர் சிகிச்சைக்கான 94640-உம் சேர்ந்து வரும்போதுதான் குழப்பம் மிகுதி. சிகிச்சைக்குப் பயன்பட்ட அதே கருவியைப் பற்றிய விளக்கம் 94640-க்குள் அடங்கிவிடும் என்பது என்.சி.சி.ஐ. (எந்தக் கோடுகளைச் சேர்த்துப் போடக் கூடாது என்று சொல்லும் அமெரிக்க அரசின் விதித்தொகுப்பு) விதி. மூச்சுத்திணறலுக்கு நெபுலைசர் கொடுத்துவிட்டு, வீட்டில் பயன்படுத்த வேண்டிய எம்.டி.ஐ.-யைத் தனியாகக் கற்பித்திருந்தால், குறிப்பு அதைத் தெளிவாகக் காட்டும் நிலையில் 94664-உடன், அது வேறான சேவை என்று காட்டும் மாடிஃபையர் 59-ஐச் சேர்க்கலாம்.

டயக்னோசிஸ் கோடு ஜே45 (ஆஸ்துமா) அல்லது ஜே44 (சி.ஓ.பி.டி.) வரிசையில், சார்ட் அனுமதிக்கும் அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும்.

ஒவ்வொரு வருகையிலும் வழக்கமாக 94664-ஐச் சேர்க்கும் கிளினிக்குகளின் கிளைம்களை நிறுத்திக் கேள்வி கேளுங்கள். புதிய கருவி, கட்டுப்படாத நோய், தவறான பழக்கம் என்று ஏதேனும் காரணம் இருக்க வேண்டும். ஏனெனில் டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நோயாளி தாமே கட்ட வேண்டிய தொகை) தீராத நோயாளி அந்தத் தொகையைத் தம் கையிலிருந்தே கட்டுகிறார். அதே சமயம், உண்மையாகவே நடந்த பயிற்சிக்கு டினையல் (கிளைம் மறுப்பு) வந்தால், அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கொள்கையைப் பார்த்துவிட்டு, செவிலியரின் குறிப்பை இணைத்து அப்பீல் செய்யத் தயங்க வேண்டாம்.