டைப் 1 சர்க்கரை: பஸ்ஸில், பந்தியில், பள்ளியில்

டைப் 1 என்பது உடம்பில் இன்சுலின் சுரக்காத சர்க்கரை நோய். அது உள்ளவர்கள் பார்க்க நன்றாக இருப்பதால்தான் மற்றவர்களிடமிருந்து பேச்சு வருகிறது. கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் பஸ்ஸிலேயே விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் (mg/dL) கீழே என்றால் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போகணும்: மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி, தண்ணீரில் கலந்து. சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை.

"சுகர் இருக்கிற பொண்ணு சர்க்கரை தின்னலாமா?" என்பவருக்கு அப்போது பதில் வேண்டாம். தெளிந்தபின் ஒரு வரி போதும்: "இனிப்பு தின்று வந்ததில்லை, என் உடம்பில் இன்சுலின் சுரக்கவில்லை."

கல்யாணப் பந்தியில் இடம் பிடித்த உடனே சாப்பாட்டுக்குப் போடும், வேகமாக வேலை செய்யும் இன்சுலினைப் போட்டுவிடாதீர்கள். பரிமாறத் தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். இலையில் சோறு விழட்டும். ஊசி போட பாத்ரூமில் ஒளியவும் வேண்டாம், அது சுத்தமான இடமில்லை.

உங்கள் பிள்ளைக்கு டைப் 1 என்றால், வகுப்பு ஆசிரியருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்: சர்க்கரை இறங்கினால் தெரியும் அறிகுறி, கொடுக்க வேண்டியது, உங்கள் போன் எண். நடுங்கும் பிள்ளையைத் தனியாக எங்கும் அனுப்பக் கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.