போரோசிலிகேட் கண்ணாடிப் பாத்திரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை பாரிமுனை பக்கம் கண்ணாடி பவுலோ கெட்டிலோ வாங்கும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. அட்டையில் ‘ஹீட் ரெசிஸ்டன்ட்’ என்று போட்டிருந்தால் அது போரோசிலிகேட் (போரான் ஆக்சைடு சேர்த்துச் செய்த, சூடு தாங்கும் கண்ணாடி) என்று நம்பிவிடுகிறோம். டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவாக்கிய சாதாரணக் கண்ணாடிக்கும் அதையேதான் போடுகிறார்கள். ‘போரோசிலிகேட் 3.3’ என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் கண்ணாடி பத்து லட்சத்தில் 3.3 பங்கு விரியும் என்று அர்த்தம். சாதாரணக் கண்ணாடிக்கு இது சுமார் 9. கொதிநீரைத் தாங்குவதற்குக் காரணம் இந்தக் குறைந்த விரிவுதான். கைதவறிப் போட்டால் இதுவும் உடையும், அதுவும் பெரிய கூரான சில்லுகளாக.

அதிகம் கவனிக்காமல் விடுவது கீறலை. ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடலோரப் பகுதிகளில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும். உடனே ஸ்டீல் நாரும் பவுடரும் போட்டுத் தேய்க்கிறார்கள். கண்ணாடியின் பலம் அதன் மேற்பரப்பில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடப் போதும்; அடுத்த முறை சூடேறும்போது இழுவிசை முழுக்க அந்த இடத்தில் குவிந்து விரிசல் ஓடும். பல நாள் நன்றாக இருந்த கெட்டில் ‘சும்மா வெச்சிருந்தேன், வெடிச்சிடுச்சு’ என்று ஆவது இப்படித்தான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி லெமன் சால்ட் (சிட்ரிக் ஆசிட்) கரைத்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு மெல்லிய ஸ்பாஞ்ச் போதும், படிவு கழன்றுவிடும்.

அடுத்தது அடுப்பு. ஓவனுக்கான தடித்த பவுலை கேஸ் பர்னரில் வைக்கவே கூடாது. அடிப்பக்கம் சுட்டு விரிய, மேல்பக்கம் குளிர்ந்தே இருக்கும்; தடிமன் கூடக்கூட இந்த வித்தியாசமும் கூடும். அடுப்புக்கென்றே விற்கும் கெட்டிலாக இருந்தாலும் தீ அடிப்பாகத்தைத் தாண்டி வெளியே வரக்கூடாது, தண்ணீர் இல்லாமல் காயவும் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே சூடாக்குங்கள். சூடான பாத்திரத்தை ஈரமான கிரானைட் மேடையில் வைக்காதீர்கள். உலர்ந்த துணியோ மரப்பலகையோ போடுங்கள்.

கைப்பிடியும் மூக்கும் ஒட்டிய இடம் தனியாகப் பார்க்க வேண்டியது. உருக்கி ஒட்டியதும் உலையில் சுமார் 560 டிகிரியில் வைத்து மெதுவாக ஆறவிடாவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். வீட்டிலேயே சோதிக்கலாம். லேப்டாப்பில் வெள்ளைத் திரை வைத்து, போலராய்டு கூலிங்கிளாஸ் வழியாகப் பாருங்கள். திரை இருட்டாகும்வரை கூலிங்கிளாஸைத் திருப்பி, நடுவில் கெட்டிலைப் பிடியுங்கள். ஒட்டில் பளிச்சென்று வெளிச்சமோ வண்ணப் பட்டையோ தெரிந்தால் அதில் கொதிநீர் ஊற்ற வேண்டாம்.

விளிம்பில் நகத்தை ஓட்டும்போது மாட்டினால் அந்தப் பாத்திரத்தை விட்டுவிடுங்கள், பசை போட்டு ஒட்டுவது உணவுக்கு ஆகாது. உடைந்ததைக் காயலான் கடைக்கு பாட்டில்களோடு சேர்த்துப் போடாதீர்கள். பாட்டில் கண்ணாடி உருகும் சூட்டில் இது சரியாக உருகாமல் கட்டியாக நிற்கும். பல மடிப்பு செய்தித்தாளில் சுற்றி, மேலே ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லியே கொடுங்கள்.