ரோடு வேலை நடக்கும் இடத்தில் கொடிக்காரர் நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும்? (புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கு)

எட்டு போடச் சொல்லித் தருகிறார்கள், பார்க்கிங் சொல்லித் தருகிறார்கள். நடு ரோட்டில் சிவப்புக் கொடியோடு நிற்கும் ஒருவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையை வைத்தே சொல்கிறேன். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஓரச் சுவர் சரிந்து பாதி ரோட்டை அடைத்துவிட்டால், மீதிப் பாதியில்தான் இரண்டு பக்க வண்டிகளும் மாறி மாறிப் போக வேண்டும்.

1. பலகையைப் பார்த்ததுமே வேகத்தைக் குறையுங்கள்

ஆள் வேலை செய்யும் படம் போட்ட முக்கோணப் பலகை முதலில் வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். கொடியைப் பார்த்த பிறகு பிரேக்கைத் தேடினால், ஓடி ஒதுங்க வேண்டியவர் அவர்தான்.

2. வரிசையில் நில்லுங்கள்

பெரும்பாலான தகராறு இங்கேதான் ஆரம்பிக்கும். முன்னால் நாலு வண்டி நிற்கும்; ஐந்தாவது ஆள் வலது பக்கம் ஏறி இரண்டாவது வரிசை போடுவார். அப்புறம் எதிரே விட்ட வண்டிகள் வெளியே வர வழி இருக்காது. இரண்டு பக்கமும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்க, கடைசியில் திட்டு வாங்குவது கொடிக்காரர்.

மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது விதி. ஆனால் கொடிக்காரர் நிற்கும் இடத்தில் அந்த உரிமையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவருக்கு ஏறுவதும் ஒன்றுதான், இறங்குவதும் ஒன்றுதான்.

முன் வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு நின்று ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஏற்றத்தில் அரை கிளட்சில் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

3. ஏன் இவ்வளவு நேரம்?

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோபம் போய்விடும். வேலை நடக்கும் நீளம் 500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் ஒரு வண்டி கடக்க ஒன்றரை நிமிடம். மூன்று விநாடி இடைவெளியில் பத்து வண்டி என்றால் இன்னொரு அரை நிமிடம். ஆக ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம். உங்களுக்கு முன்னாலேயே கொடி மாறிவிட்டால், எதிர்ப்பக்கம் காலியாகி, நடுவில் ரோலரும் ஒரு தடவை போய் வந்தால் ஐந்து நிமிடத்துக்குக் குறையாது. ரோடு காலியாகத்தானே இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்த முனையில் நிற்கும் இன்னொரு கொடிக்காரருக்குத்தான் தெரியும்.

4. ஹாரனுக்குப் பதில் வாயால் கேளுங்கள்

கண்ணாடியை இறக்கி, "எவ்வளவு நேரமுங்கண்ணா ஆகும்?" என்று கேட்டாலே போதும். "பத்து வண்டி வருதுங்க, அஞ்சு நிமிசம்" என்று பதில் வரும். ஆம்புலன்ஸ் பின்னால் வந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். நீங்களாக வழி ஏற்படுத்தப் போக வேண்டாம். கொடி பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வண்டிக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நின்று, கேட்பதற்கு முன்பே நேரத்தைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

5. பச்சைக் கொடி என்றால் பறக்கலாம் என்று அர்த்தமில்லை

தார்க் கலவை 150 டிகிரி அளவில் சூடாக வந்து இறங்கும். அதன் பக்கத்திலேயே குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். உங்கள் டயரில் தெறிக்கும் ஜல்லி அவர்கள் காலில்தான் படும். பைக்கில் வந்தால் உதிரி ஜல்லியில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். இரவில் ஹை பீமை இறக்கிவிடுங்கள்.

6. கடைசி வண்டி நீங்கள் என்றால்

வாக்கி டாக்கி இல்லாத இடங்களில் கடைசி வண்டியிடம் ஒரு கொடியையோ குச்சியையோ கொடுத்து அனுப்புவார்கள். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த முனையில் வண்டிகளை விடுவார்கள்.

எனக்கு முதல் தடவை இது தெரியாது. இறக்கத்தில் வரும்போது ஒருவர் கொடியை ஜன்னல் வழியாக நீட்டினார், வாங்கிப் பின் சீட்டில் போட்டேன். கீழே நின்றவர் கையை நீட்டினார். டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து நானும் காட்டிவிட்டு வந்துவிட்டேன். டீக்கடையில் நிற்கும்போது ஒருவர் மொபெட்டில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "அண்ணா, கொடியக் குடுங்க. அங்க இருவது வண்டி நிக்குதுங்க."

வாங்கியதும் டேஷ்போர்டில், கண்ணில் படும்படி வையுங்கள்.