மவுண்ட் ஆகிறது, உள்ளே விடமாட்டேன் என்கிறது: கெர்பரோஸ் என்எஃப்எஸ்ஸில் 'பெர்மிஷன் டினைடு'

'பெர்மிஷன் டினைடு' என்று வந்ததுமே சர்வருக்குப் போய் சிஎச்மோட் 777 அடிக்கிறவர்கள் நிறையப் பேர். கெர்பரோஸ் (டிக்கெட் வைத்து அடையாளம் சரிபார்க்கும் முறை) போட்ட என்எஃப்எஸ் ஷேரில், அதாவது நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஃபோல்டரில், அது பெரும்பாலும் வீண் வேலை. பிரச்சினை அப்படியே இருக்கும், ஃபோல்டர் மட்டும் ஊருக்கே திறந்து கிடக்கும்.

முதலில் ஒன்றைப் பாருங்கள்: மவுண்ட் கட்டளையே தோற்கிறதா, இல்லை மவுண்ட் ஆன பிறகு உள்ளே போகும்போது மறுக்கிறதா? தோற்பது மவுண்ட் என்றால் மெஷின் பக்கம் தேடுங்கள், அதாவது கீடேப் (கெர்பரோஸ் சாவிகள் இருக்கும் ஃபைல்), ஹோஸ்ட் பெயர், நேரம். பிறகு மறுத்தால் பெரும்பாலும் பயனரின் டிக்கெட்தான், அதாவது கெர்பரோஸ் கொடுக்கும் தற்காலிக அடையாளச் சீட்டு. இதைப் பிரிக்காமல் தேடினால் பாதி நாள் போய்விடும்.

மவுண்டே ஆகவில்லையா? கிளையன்டில் ஆர்பிசி-ஜிஎஸ்எஸ்டி (என்எஃப்எஸ்ஸுக்காக கெர்பரோஸ் வேலையைப் பார்ப்பது) சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். இதில் ஒரு வில்லங்கம் உண்டு: கீடேப் ஃபைல் இல்லையென்றால் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்துவது) அந்த சர்வீஸைத் தொடங்கவே தொடங்காது, ஆனால் சிவப்பில் எர்ரரும் காட்டாது, நிபந்தனை நிறைவேறவில்லை என்று ஒரு வரி மட்டும் ஸ்டேட்டஸில் இருக்கும், அதைக் கவனிக்காமல் கடந்துபோவது ரொம்ப சுலபம். கீடேப் இருந்தால் ரூட்டாக 'கேலிஸ்ட் -கே' கொடுங்கள். உள்ளே ஹோஸ்ட்/ அல்லது என்எஃப்எஸ்/ என்று தொடங்கும் பிரின்சிபல் (கெர்பரோஸில் பதிவான அடையாளப் பெயர்), ஆக்டிவ் டைரக்டரி என்றால் மெஷின் பெயரோடு டாலர் குறி போட்ட ஒன்று இருக்கவேண்டும். அதை வைத்து 'கேஇனிட் -கே' செய்து பாருங்கள். அதிலேயே தோற்றால் என்எஃப்எஸ்ஸை விட்டுவிடுங்கள், கோளாறு கெர்பரோஸில்.

அது சரியாக இருந்தால் சர்வர் பக்கம் போங்கள். அங்கே அதிகம் மாட்டுவது கீ வெர்ஷன் எண். டிக்கெட் வாங்கிவிட்டு 'கேவிஎன்ஓ என்எஃப்எஸ்/சர்வரின் முழுப்பெயர்' என்று கொடுத்தால் கேடிசி (டிக்கெட் கொடுக்கும் கெர்பரோஸ் சர்வர்) வைத்திருக்கும் எண் வரும். சர்வரின் கீடேப்பில் அதே எண் இருக்கவேண்டும். யாரோ ஒருவர் வேறொரு மெஷினில் உட்கார்ந்து அதே பிரின்சிபலுக்கு மறுபடி கேடிஆட் (கீடேப்பில் சாவி சேர்க்கும் கட்டளை) அடித்திருப்பார்; ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் புதுச் சாவி உருவாகி எண் ஏறும், பழைய கீடேப் செல்லாக்காசாகிவிடும். கீடேப்பை மாற்றிய பிறகு, கிளையன்டில் பழைய டிக்கெட்டையும் கேடெஸ்ட்ராய் செய்துவிட்டு புதிதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் சரி செய்த பிறகும் அதே எர்ரர்தான் வரும்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஐபி முகவரி போட்டு மவுண்ட் செய்யாதீர்கள், முழுப் பெயர் போடுங்கள். ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயர் தேடுவது) தாறுமாறாக இருந்தால் கேஆர்பி5.கான்ஃபில் 'ஆர்டிஎன்எஸ் = ஃபால்ஸ்' வையுங்கள். கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் பொதுவாக கெர்பரோஸ் ஒத்துக்கொள்ளாது. எக்ஸ்போர்ட்ஸில் (சர்வரின் பகிர்வுப் பட்டியலில்) கேஆர்பி5பி (குறியாக்கத்தோடு) மட்டும் இருக்க நீங்கள் கேஆர்பி5 (அடையாளச் சோதனை மட்டும்) கேட்டாலும் மறுப்புதான்.

சரி, மவுண்ட் ஆகிவிட்டது, ஆனால் எல்எஸ் அடித்தால் மறுக்கிறது. அந்தப் பயனராகவே 'கேலிஸ்ட்' பாருங்கள்; டிக்கெட் காலாவதியாகியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. எஸ்எஸ்எச் கீயால் உள்ளே வந்தவருக்கு டிக்கெட் தானாக வராது. நேரம் வைத்துத் தானாக ஓடும் க்ரான் வேலைகளும் இப்படித்தான் ராத்திரியில் சாகும், அதற்கென்று தனி கீடேப் கொடுத்து டிக்கெட் வாங்க வைக்கவேண்டும். டிக்கெட் இருந்தும் மறுக்கிறதென்றால் அது எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்: ஜிஎஸ்எஸ்டி தனி டீமன், உங்கள் ஷெல்லில் கேஆர்பி5சிசிநேம் (டிக்கெட் எங்கே என்று சொல்லும் மாறி) போட்டு வேறு ஃபோல்டரில் வைத்திருந்தால் அதற்குத் தெரியாது.

'சூடோ போட்டாலும் திறக்கவில்லையே' என்பது அடிக்கடி வரும் புலம்பல். சூடோ போட்டதால்தான் திறக்கவில்லை. ரூட் போகும்போது மெஷினின் அடையாளத்தோடு போகிறது, சர்வர் அதை வழக்கமாக நோபடி (எந்த உரிமையும் இல்லாத பயனர்) என்று எடுத்துக்கொள்கிறது. எக்ஸ்போர்ட்ஸில் நோ_ரூட்_ஸ்குவாஷ் (ரூட்டை ரூட்டாகவே விடும் ஆப்ஷன்) மட்டும் போட்டால் இது தீராது. சாதாரணப் பயனராகவே சோதியுங்கள்.

எல்லா ஃபைலும் நோபடி பெயரில் தெரிந்தால் அது வேறு கதை. பயனர் பெயரையும் எண்ணையும் பொருத்துவதற்கான ஐடிமேப்டி.கான்ஃபில் டொமைன் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும், அப்புறம் கிளையன்டில் 'என்எஃப்எஸ்ஐடிமேப் -சி' கொடுத்து கேஷைக் காலி செய்யுங்கள். பெயர் தவறாகத் தெரிவதும் அனுமதி மறுப்பதும் ஒன்றல்ல. அனுமதியை முடிவு செய்வது உங்கள் பிரின்சிபலை சர்வர் எந்த யூஐடியாக (பயனர் எண்ணாக) எடுத்துக்கொள்கிறது என்பதுதான்.

இத்தனைக்கும் பிடிபடவில்லையென்றால் ஜிஎஸ்எஸ்டியை நிறுத்திவிட்டு ரூட்டாக 'ஆர்பிசி.ஜிஎஸ்எஸ்டி -எஃப் -விவிவி' என்று முன்னால் ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலில் மவுண்ட் செய்யுங்கள். எந்த பிரின்சிபலைத் தேடியது, எந்த கேஷைத் திறந்தது, எங்கே நின்றது என்று வரிவரியாகக் கொட்டும்.